ஆங்கில ஆசிரியர் கலந்துரையாடல் வட்டம்: முதல் கூட்டத்தை எப்படி நடத்துவது?

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சிகள் குறைவில்லை. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, ஆன்லைன் பயிற்சி, பாடநூல் மாறினால் அதற்கொரு பயிற்சி என்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் பெரும்பாலும் ஒருவர் பேசுவார், நாற்பது பேர் கேட்பார்கள். தன் வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் வாய் திறப்பதே இல்லை என்று ஓர் ஆசிரியர் அங்கே கேட்க நேரம் கிடைப்பது அபூர்வம். அந்தக் கேள்விக்கான இடத்தை, ஒரு கலந்துரையாடல் வட்டமாக, நாமே அமைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு பேர், மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் போதும். டீக்கும் ஜெராக்ஸுக்கும் தவிர வேறு செலவு இல்லை.

மேலிருந்து கீழே கடத்தும் பயிற்சிக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய சென்னை மாநிலத்தில் ஆரம்ப நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் முயற்சி நடந்தது. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. இத்தனை பெரிய எண்ணிக்கையை எட்ட வேறு வழி இருந்திருக்காது என்பது சரிதான். ஆனால் இப்படிக் கை மாறும்போது முறை மட்டும் போய்ச் சேர்கிறது, அதற்குப் பின்னால் இருந்த காரணம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. கலந்துரையாடல் வட்டத்தில் பேச்சு தொடங்குவது வகுப்பறையிலிருந்து. இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். மகாராஷ்டிரத்தில் 2016-இல் தொடங்கிய தேஜஸ் திட்டத்தில், மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் டாடா டிரஸ்ட்ஸும் சேர்ந்து, அருகருகே இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இப்படிச் சிறு குழுக்களாகக் கூட்டின. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

படி 1: யாரைக் கூப்பிடுவது?

நான்கு பேருக்குக் குறையாமல், எட்டுப் பேருக்கு மேல் போகாமல் பாருங்கள். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்கும் கூட்டமாகிவிடும்.

எல்லோரும் ஒரே நிலையில் கற்பிப்பவர்களாக இருக்க வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை என்று உயர்நிலைப் பள்ளி பட்டதாரி ஆசிரியர் வருத்தப்படுவார். அதே பிள்ளைக்கு நாலாம் வகுப்பில் பாடம் எடுத்த இடைநிலை ஆசிரியர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும் தெளிவு வேறெங்கும் கிடைக்காது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று கலந்திருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர்களை முதல் சில கூட்டங்களுக்குக் கூப்பிடாதீர்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. ஆய்வுக்கு வருபவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "என் வகுப்பில் இது நடக்கவில்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கட்டடத்தைப் பயன்படுத்துவதானால் முறையாக அனுமதி வாங்குங்கள்.

படி 2: நாளும் இடமும்

குறுவள மையக் கூட்டத்துக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள். அது முடிந்ததும் அங்கேயே உட்காருவது சுலபமான ஏற்பாடு. இல்லையென்றால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. நாளை ஒரு முறை முடிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் வாட்ஸ்அப்பில் "எந்த நாள் வசதி?" என்று கேட்கத் தொடங்கினால் மூன்றாம் மாதம் கூட்டமே இருக்காது. கடைசியில் வருபவருக்கும் திரும்பிப்போகப் பஸ் இருக்கிறதா என்று பார்த்து நேரத்தை வையுங்கள்.

படி 3: பேச ஒரு கேள்வி

முழுக் கூட்டத்துக்கும் ஒரே கேள்வி போதும். அது ஒருவருடைய வகுப்பிலிருந்து வர வேண்டும். அதை முன்வைப்பவர் அந்த மாதத்துக் கேள்வியாளர்.

"கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை?" என்பது பேச உதவாத கேள்வி. அதற்கு ஆளுக்கொரு கருத்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், மறுநாள் வகுப்பில் எதுவும் மாறாது. "ஏழாம் வகுப்பில் இலக்கணப் பயிற்சியைச் சரியாக எழுதும் பிள்ளைகள், கடிதம் எழுதும்போது மட்டும் 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறார்கள். ஏன்?" இது நல்ல கேள்வி. ஒரு வகுப்பு, ஒரு விஷயம், கையில் ஆதாரம்.

ஆதாரம் என்பது நோட்டுப் புத்தகம்தான். நான்கைந்து பிள்ளைகளின் பக்கங்களை, பெயரை மறைத்து, ஆளுக்கு ஒரு நகல் எடுத்து வாருங்கள். நன்றாக எழுதும் பிள்ளையின் பக்கமும் அதில் இருக்க வேண்டும். பேச்சுத் திறன் பற்றிய கேள்வி என்றால் இரண்டு நிமிட ஒலிப்பதிவு போதும். அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினால் போதும், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

படி 4: அந்த ஒன்றரை மணி நேரம்

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. நேரம் பார்க்க ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள்.

முதல் 10 நிமிடம்: டீ, நலம் விசாரிப்பு. இதை வெட்டாதீர்கள். இடமாறுதல், பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு, சம்பள விஷயமெல்லாம் இங்கேயே பேசித் தீர்ந்துவிட்டால் நடுவில் வராது.

அடுத்த 10 நிமிடம்: கேள்வியாளர் தன் வகுப்பைச் சொல்கிறார். எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் நடந்தது, தான் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தார். யாரும் குறுக்கிடக் கூடாது.

அடுத்த 10 நிமிடம்: நகல்களை எல்லோரும் அமைதியாகப் படிக்கிறார்கள். அமைதியாக என்றால் உண்மையிலேயே பேச்சில்லாமல். படிக்கும்போது ஒவ்வொருவரும் கண்ணில் பட்ட இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்த 15 நிமிடம்: கேள்விகள் மட்டும். அறிவுரை இல்லை. "டீச்சர், அந்தப் பிள்ளை வாயால் சொல்லும்போதும் 'வென்ட்' என்றுதான் சொல்கிறாளா?" இது கேள்வி. "சார், நீங்கள் ஏன் அட்டவணை போட்டுக் காட்டக் கூடாது?" இது கேள்வி மாதிரி இருக்கும் அறிவுரை. இந்த வித்தியாசம் பழக இரண்டு மூன்று கூட்டம் ஆகும்.

அடுத்த 20 நிமிடம்தான் இந்த முறையின் உயிர். கேள்வியாளர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு மௌனமாக இருக்கிறார். மற்றவர்கள், அவர் அங்கே இல்லாததுபோல், அந்த நோட்டுகளைப் பற்றித் தங்களுக்குள் பேசுகிறார்கள். அவருக்குக் கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமே வேலை. இந்த மௌனம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு யோசனைக்கும் கேள்வியாளர் "அதையும் செய்து பார்த்தேன்" என்று பதில் சொல்வார். பேச்சு வழக்காடலாகிவிடும். பதில் சொல்லும் கடமை இல்லாதபோதுதான் மனம் கேட்கத் தொடங்குகிறது.

நம் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சொல்லலாம்: "இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடம் ஒன்றுதான். நேற்று நடந்தது என்று முழு வாக்கியத்தையும் நினைத்து எழுதும்போதுதான் தடுமாறுகிறாள்." இன்னொருவர் தமிழைப் பார்க்கலாம்: "நாம் 'நேற்றுப் போகவில்லை', 'இப்போது போகவில்லை' இரண்டுக்கும் ஒரே வினையைச் சொல்கிறோம். காலத்தை எந்தச் சொல்லில் காட்டுவது என்ற கேள்வியே தமிழில் அந்த இடத்தில் எழுவதில்லை." மூன்றாமவர் வேறு பக்கம் போகலாம்: "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சின்னப் பிள்ளைகளும் வளரும்போது இதேபோல் இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் போடுவதுண்டு. அப்படியென்றால் இவள் கற்கவில்லை என்றா பொருள்? 'வென்ட்' இறந்தகாலம் என்று நன்றாகவே தெரிந்ததால்தானே அங்கே போடுகிறாள்?" இந்த மூன்று பார்வைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் சிவப்பு மை வட்டம் போடும் கை கொஞ்சம் யோசிக்கும். பிழை பிழைதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் அது வளர்ச்சியின் நடுவழியில் வரும் பிழை என்று தெரிந்தவர் திருத்தும் விதமே வேறு.

அடுத்த 15 நிமிடம்: கேள்வியாளர் திரும்ப வருகிறார். கேட்டதில் எது தனக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்கிறார். எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசி 10 நிமிடம்: அடுத்த மாதத்துக்குள் செய்து பார்க்க ஒரே ஒரு சிறு மாற்றம். கேள்வியாளர் மட்டுமல்ல, முடிந்தவர்கள் எல்லோரும் தங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். மேலே உள்ள உதாரணத்துக்கு: ஒரு வாரம், ஐந்து நிமிடம், "நேற்று நான் செய்யாதவை" என்று பிள்ளைகள் ஜோடியாக வாயால் சொல்வது, பிறகு மூன்று வாக்கியம் எழுதுவது. அந்தப் பக்கங்கள் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும்.

படி 5: நடத்துபவர் என்ன செய்வார்?

ஒவ்வொரு மாதமும் வேறு ஒருவர் நடத்தட்டும். பாட அறிவில் அவர் மற்றவர்களைவிட மேலே இருக்க வேண்டியதில்லை. மூன்று இடங்களில் மட்டும் தைரியமாகப் பேச வேண்டும்.

மூத்தவர் ஒருவர் நீளமாகப் பேசத் தொடங்கினால்: "சார், அந்தக் கருத்தைக் குறித்துக்கொள்கிறேன். இதே பக்கத்தில் மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன்." மரியாதையும் குறையாது, நேரமும் மிஞ்சும்.

பேச்சு பெற்றோர், அரசு, தேர்ச்சி விழுக்காடு என்று போனால்: "அது உண்மைதான். இந்த நோட்டில் நாளைக்கே நாம் மாற்றக்கூடியது எது?"

புதிதாக வேலைக்கு வந்தவர் பேசாமல் இருந்தால், கருத்துக் கேட்காதீர்கள். "நீங்கள் குறித்த இரண்டு விஷயத்தில் ஒன்றை வாசியுங்கள் மேடம்" என்று கேளுங்கள். எழுதி வைத்ததை வாசிப்பது எளிது.

எந்த மொழியில் பேசுவது?

ஆங்கில ஆசிரியர்கள் கூட்டம் என்பதால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்று ஆழமாக யோசிக்க, எந்த மொழியில் சிந்தனை தடையில்லாமல் ஓடுகிறதோ அதில் பேசுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பலர் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் அல்ல. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் அவர்கள் வாயை மூடிக்கொண்டால், சின்னப் பிள்ளைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களின் குரலே கூட்டத்தில் இல்லாமல் போகும். தங்கள் பேச்சு ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இருந்தால் அதற்கென்று 20 நிமிடம் தனியாக, கூட்டத்துக்கு முன்போ பின்போ வையுங்கள். அதில் யாரும் யாரையும் நடுவில் திருத்தக் கூடாது.

படி 6: இரண்டாம் கூட்டமும் அதன் பிறகும்

இரண்டாம் கூட்டம், போன மாதச் சோதனை என்ன ஆயிற்று என்பதில் தொடங்க வேண்டும். பலிக்கவில்லை என்றாலும் அது நல்ல தகவல். ஏன் பலிக்கவில்லை என்பதே அடுத்த கேள்வியாகலாம். இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டால் வட்டம் வெறும் பேச்சுக் கூட்டமாகச் சுருங்கிவிடும்.

ஒரு பொது நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம்: கேள்வி, வந்த பார்வைகள், செய்ய முடிவெடுத்தது, நடந்தது. பிள்ளைகளின் பெயரோ பள்ளியின் பெயரோ அதில் வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் தன் வகுப்பைப் பற்றிச் சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

நான்கைந்து கூட்டம் ஆன பிறகு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு கட்டுரையைப் படித்துப் பேசலாம். என். எஸ். பிரபுவின் எழுத்தைத் தொடக்கத்துக்குப் பரிந்துரைப்பேன். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கண வரிசையை விட்டுவிட்டுச் செயல்கள் மூலம் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தவர் அவர். உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த முயற்சி நம் பிள்ளைகளை வைத்தே நடந்தது. 1990-இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் இல்லை என்றும், தான் செய்வது ஏன் பலிக்கிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருப்பதே முக்கியம் என்றும் வாதிட்டார். அந்த உணர்வை உயிரோடு வைத்திருக்க, சக ஆசிரியரோடு பேசுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்ப்பது அடுத்த கட்டம். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. கவனிப்பது பிள்ளைகளை, ஆசிரியரை அல்ல. உங்கள் வட்டத்தில் நம்பிக்கை வளர்ந்த பிறகு இதற்குப் போங்கள், அவசரம் வேண்டாம்.

வெளியுலகத் தொடர்பு வேண்டுமென்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1974-இல் பதிவு செய்யப்பட்ட இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், எல்டாய், இருக்கிறது. பல ஊர்களில் அதற்குக் கிளைகள் உண்டு, ஆண்டு மாநாடு நடக்கிறது, சொந்த இதழும் உண்டு. உங்கள் பொது நோட்டில் சேர்ந்த பக்கங்களிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரையாக எழுதி அங்கே வாசிக்கலாம்.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் கூட்டம் வைக்காதீர்கள், யாரும் வர மாட்டார்கள். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் வட்டத்தில் இரண்டு பேராவது வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். போகிறவர்களிடம் பொது நோட்டின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். புது ஊரில் நான்கு பேரைச் சேர்க்க அது உதவும். காலியான இடத்துக்கு, அந்தப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்தவர்களை ஜூலைக் கூட்டத்துக்கே கூப்பிட்டுவிடுங்கள்.