சாவியை நாமே கொடுத்த பிறகும் பேங்க் போடும் கட்டணங்கள்: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

தவணை நின்றுபோய், வசூல் ஏஜென்ட் வாசலில் நின்று கத்துவதற்கு முன்னால் நாமே கௌரவமாக ஒப்படைத்துவிடலாம் என்று வீட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். கொடுத்ததோடு விவகாரம் முடிந்தது என்று நினைப்பார்கள். சில மாதம் கழித்து ஒரு கணக்கு வரும். அசல், வட்டி, அதற்குக் கீழே வக்கீல் கட்டணம், பேப்பர் விளம்பரம், காவலாளி சம்பளம், ஏஜென்சி கமிஷன், 'இதர செலவுகள்' என்று நீளமாக ஒரு வால். அசலையும் வட்டியையும் பெரிதாக மாற்ற முடியாது. அந்த வாலில் பாதியையாவது வெட்ட முடியும், ஆனால் கேட்டால்தான்.

எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பது? பேங்க் உங்கள் வீட்டை விற்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. அதில் 13(7) பிரிவு, முறையாகச் செலவான தொகையைக் கடன் வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்கிறது. ஏலப் பணத்தில் முதலில் அந்தச் செலவு, அப்புறம் கடன் பாக்கி, அதற்கும் மேல் மிஞ்சினால் உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'பேங்க்கின் கருத்துப்படி முறையான செலவு' என்றுதான் அதில் இருக்கிறது, அதை மேனேஜர் உங்களிடம் சுட்டிக்காட்டலாம். காட்டட்டும். கருத்து என்று சொல்லிவிட்டு ஆகாத செலவை ஆனதாக எழுத முடியாது, ஆன செலவுக்கு ரசீது இருக்கும், ரசீதைக் காட்டுங்கள் என்பதுதான் உங்கள் பதில். நீங்களாகச் சாவி கொடுத்திருப்பதால் உங்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. பலவந்தமாக வீட்டைக் கைப்பற்ற ஆகும் செலவு எதுவும் உங்கள் விஷயத்தில் நடக்கவே இல்லை.

கடிதம் எழுதும் முன் காகிதங்களைச் சேருங்கள். கடன் ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், 60 நாள் கெடு வைத்து வந்த 13(2) நோட்டீஸ், சாவி கொடுத்தபோது எழுதிய ஒப்படைப்புக் கடிதத்தின் நகல், ஆரம்பத்திலிருந்து முழு ஸ்டேட்மென்ட். 2024 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதியான கடன் என்றால் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்னும் சாவி கொடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒப்படைக்கும் நாளில் வீட்டைச் சுற்றி வீடியோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. சாவி பெற்றுக்கொண்டதாக சீலோடு கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் பேங்க் சம்மதத்தோடு நீங்களே ஆள் பிடித்து விற்பதுதான் எப்போதும் லாபம், ஏல விளம்பரம் வரும் வரை கடனைக் கட்டி மீட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: பாக்கி 18,40,000 ரூபாய், அதற்கு மேல் செலவு என்று 2,05,100. உள்ளே என்ன? வக்கீல் 35,000, அட்வகேட் கமிஷனர் 20,000, விளம்பரம் 42,000, காவலாளி 48,000, மதிப்பீடு 6,500, ஏஜென்சி 30,000, அபராதக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 23,600.

முதலில் அட்வகேட் கமிஷனர். வீட்டைக் காலி செய்ய மறுப்பவர் விஷயத்தில் பேங்க் 14ஆம் பிரிவின்கீழ் மனுப் போடும், கமிஷனர் போலீஸோடு வந்து பூட்டை உடைப்பார். நீங்கள்தான் சாவியைக் கையில் கொடுத்துவிட்டீர்களே. அந்த மனு போட்டார்களா, போட்டிருந்தால் எண் என்ன, தேதி என்ன என்று கேளுங்கள். சாவி கொடுத்த தேதிக்குப் பிறகு போட்ட மனு என்றால் அது தேவையில்லாத செலவு. மனுவே இல்லை என்றால் 20,000 அப்படியே போகும். ஏஜென்சி கமிஷனும் இதே ரகம்தான். தவணை வசூலிக்கவோ வீட்டைக் கைப்பற்றவோ அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எந்தத் தேதியில், பில் எங்கே?

விளம்பரம் கொஞ்சம் நுணுக்கமானது. நீங்களே ஒப்படைத்தாலும், வீடு பேங்க் கைக்கு வந்துவிட்டது என்னும் சுவாதீன அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று இந்த ஊர் மொழியில், அதாவது தமிழில். ஏல அறிவிப்பும் உண்டு. ஆகவே விளம்பரச் செலவே கூடாது என்று வாதாடினால் எடுபடாது. ஆனால் அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்கள், ஒரே பெட்டிக்குள் நெல்லிக்குப்பத்துக்காரர், வில்லியனூர்க்காரர், விழுப்புரத்துக்காரர் என்று ஐந்தாறு பேர் கடன் வரிசையாக இருக்கும். 42,000 ரூபாய் அந்த முழு விளம்பரத்துக்கான பில்லாக இருந்து, அதில் ஆறு பேர் இருந்தால், உங்கள் பங்கு 7,000. முழுத் தொகையும் ஆறு பேர் தலையிலும் தனித்தனியாக ஏறியிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால்தான் பத்திரிகை கொடுத்த பில்லையே கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தக் கணக்கிலும் முதலில் பிடிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் ஆதாரம் அச்சில் இருக்கிறது. அந்த நாள் பேப்பர் கையில் இல்லையென்றால் நாளிதழின் இ-பேப்பரிலோ நூலகத்திலோ தேடிப் பாருங்கள்.

காவலாளி விஷயத்தில் அக்கம்பக்கத்தாரே சாட்சி. நான்கு மாதம், மாதம் 12,000 என்று போட்டிருக்கிறார்கள், தெருவில் யாராவது காவலாளியைப் பார்த்தார்களா? பூட்டுக்கு மேல் சீல் வைத்துவிட்டுப் போன வீட்டுக்கும் காவல் கட்டணம் போட்டிருந்தால் வருகைப் பதிவேடும் நிறுவனத்தின் பில்லும் கேளுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுவாதீனம் எடுத்த பிறகு, விவேகமுள்ள உரிமையாளர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி வீட்டைப் பார்த்துக்கொள்வது பேங்க் அதிகாரியின் பொறுப்பு, தேவைப்பட்டால் இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும். 2011 'தானே' புயல், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த ஊர் நமது. இன்சூரன்ஸ் பிரீமியம் உங்கள் கணக்கில் ஏறியிருந்து, புயலிலோ வெள்ளத்திலோ வீடு சேதமாகி, அதைக் காட்டி ஏல விலையைக் குறைத்திருந்தால், பாலிசி நகல் எங்கே, இழப்பீடு கேட்டீர்களா, வந்த பணம் எந்தக் கணக்கில் போனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அபராதக் கட்டணத்தில் ரிசர்வ் வங்கியே உங்கள் பக்கம். 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு அபராத வட்டி சேர்க்கக்கூடாது, தனியாக அபராதக் கட்டணமாகத்தான் போடலாம், அதுவும் நியாயமான அளவில், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றக்கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு அதிகபட்சம் 2024 ஜூன் 30க்குள்ளும் இது வந்துவிட வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் அதற்குப் பிந்தைய மாதங்களை மட்டும் எடுத்து, அபராதம் ஏறிய மாதத்துக்கு அடுத்த மாத வட்டி திடீரென்று கூடியிருக்கிறதா என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அதோடு, இந்த விதிப்படி போடும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. நம் கணக்கில் 23,600 என்பது 20,000 கட்டணமும் 3,600 வரியும். அந்த 3,600 போக வேண்டும்.

வக்கீல் கட்டணத்துக்கு, பேங்க் தன் வக்கீலுக்குக் கொடுத்த தொகையின் பில்லைக் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு, மதிப்பீட்டாளர் அறிக்கையும் பில்லும். இதில் பெரிதாக மிஞ்சாது, ஆனால் அறிக்கை கைக்கு வந்தால் ஏலத்தின் குறைந்தபட்ச விலை எப்படி வந்தது என்பது தெரியும். மாறும் வட்டி வீட்டுக்கடனில் தனிநபருக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் என்று ஏதாவது போட்டிருந்தால் யோசிக்காமல் அடித்துவிடச் சொல்லுங்கள், அதற்கு அனுமதியே இல்லை. சொத்து வரியும் கரண்ட் பாக்கியும் நீங்கள் இருந்த காலத்துக்கு உங்களுடையது, அதில் சண்டை வேண்டாம். ஒப்படைத்த பிறகு மீட்டர் ஓடியிருந்தால் மட்டும் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

இப்போது கடிதம். வாயால் பேசுவதில் பயன் இல்லை, மேனேஜர் மாறிவிடுவார். தமிழிலேயே எழுதலாம், நீளம் வேண்டாம், கோபம் வேண்டவே வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி:

"ஐயா, மேற்படி கடன் கணக்கில் அடமானமாக இருந்த வீட்டை இன்ன தேதியில் நானாகவே தங்களிடம் ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்ட நகல் இணைப்பு. தாங்கள் அனுப்பிய கணக்கில் செலவுகள் என 2,05,100 ரூபாய் காட்டப்பட்டுள்ளது. சர்ஃபேசி சட்டம் 13(7) பிரிவின்படி முறையாக ஏற்பட்ட செலவு மட்டுமே என்னிடம் வசூலிக்கத்தக்கது. ஆகவே கீழே குறித்துள்ள ஒவ்வொரு தொகைக்கும் பில், பணம் கொடுத்த தேதி, கடன் ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து ஆகியவற்றைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆதாரம் இல்லாத தொகைகளை நீக்கித் திருத்திய கணக்கு அனுப்பவும். இந்தத் தொகைகளை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இதுவரை கட்டியது எதையும் ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். கிளையில் ஒரு நகலில் சீல் வாங்குங்கள், தலைமை அலுவலகக் குறைதீர் அதிகாரிக்கு டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். பொதுத்துறை வங்கி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்தக் கணக்கின் செலவு வவுச்சர்களைக் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தனியார் வங்கியிடம் இது செல்லாது.

30 நாளில் பதில் இல்லை, அல்லது 'விதிப்படிதான் போட்டோம்' என்று ஒற்றை வரி வந்தது என்றால் அடுத்த இடம் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம், சந்தேகத்துக்கு 14448 எண். வீடு கடலூரில், கிளை புதுச்சேரியில் என்று இருந்தாலும் கவலையில்லை, எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும். கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் தளத்தில் புகார் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் தப்பான இடத்தில் புகார் போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

கடன் மீட்புத் தீர்ப்பாயம் வரை போக வேண்டுமா? அது சென்னையில் இருக்கிறது. சுவாதீனமோ ஏலமோ விதிப்படி நடக்கவில்லை என்றால், அதாவது மதிப்பீடே இல்லை, முதல் ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் வரவில்லை, குறைந்தபட்ச விலைக்குக் கீழே உங்கள் சம்மதம் இல்லாமல் விற்றார்கள் என்பது மாதிரி இருந்தால், நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் சர்ஃபேசி சட்டம் 17ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும், தாமதிக்க நேரமில்லை. 18.40 லட்சம் பாக்கிக்கு மனுக் கட்டணமே 7,250 ரூபாய், வக்கீல், பஸ் செலவு தனி. வெறும் முப்பதாயிரம் கட்டணத் தகராறுக்காக அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம், புதுச்சேரியிலும் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது.

ஏலம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. வீடு என்ன விலைக்குப் போனது என்று பேங்க் சொல்வதை மட்டும் நம்பாமல் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடலூர்ச் சொத்துக்கு தமிழகப் பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம், புதுச்சேரிக்கு சார்பதிவாளர் அலுவலகம். விலையில் இருந்து நீங்கள் ஏற்றுக்கொண்ட செலவையும் பாக்கியையும் கழித்து மிச்சம் வந்தால் அந்தப் பணம் உங்களுடையது, எழுதிக் கேளுங்கள். குறைந்தால் மீதிக்கு பேங்க் உங்கள்மேல் வழக்குப் போட முடியும், அப்போது நீங்கள் அனுப்பிய இந்தக் கடிதங்கள்தான் உங்கள் ஆதாரம். கணக்கு முடிந்த பிறகு, உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்து, தகராறில் நீக்கிய தொகை இன்னும் பாக்கியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பேங்க்கிடமும் சிபிலிடமும் திருத்தம் கேளுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.