டீக்கல் வெள்ளையா பூக்காம ஒட்டுறது எப்படி

போர் விமான மாடல் ஒண்ண வாரக்கணக்குல கட்டி, அழகா பெயின்ட் அடிச்சு முடிச்சு, கடைசியில டீக்கல் (தண்ணியில நனைச்சு ஒட்டுற, சின்னம், நம்பர் எல்லாம் அச்சடிச்ச மெல்லிசான படம்) ஒட்டினதும் அதை சுத்தி வெள்ளை வெள்ளையா ஒரு படலம் மினுக்கும் பாருங்க, அதுக்குப் பேர்தான் சில்வரிங். நிறைய பேர் டீக்கல் மட்டம்னு நினைக்கிறாங்க, ஆனா காரணம் அடியில இருக்குற பளபளப்பில்லாத மேட் பெயின்ட்தான். மேட் பரப்பு பார்க்க வழவழன்னு இருந்தாலும் நுணுக்கமா சொரசொரப்பு உண்டு, டீக்கல் அந்த மேடுகள் மேலயே நின்னுடும், இடுக்குல சிக்குன காத்துதான் வெளிச்சத்துல வெள்ளையா தெரியுது.

அதனால பெயின்ட் நல்லா காஞ்சதும், ஒரு நாள் முழுசா விட்டாலும் தப்பில்ல, கிளாஸ் கோட், அதாவது பளபளப்பான நிறமில்லாத வார்னிஷ், அடிங்க. ஏர்பிரஷ்னா பால் பதத்துக்கு கரைச்சு 15 பிஎஸ்ஐ காத்தழுத்தம் வாக்குல, ஒரேயடியா ஊத்தாம ரெண்டு மூணு மெல்லிசான கோட்.

அதுக்கு முந்தின வேலைய சுருக்கமா சொல்லிடறேன்: ஒட்டுன ஜாயின்ட்ட 400, அப்புறம் 1000 எமரி பேப்பர்ல தேய்ச்சு பிரைமர் அடிச்சுப் பாருங்க, கோடு இருந்தா அதுலயே தெரிஞ்சிடும். மூக்குப் பக்கம் சக்கரம் இருக்குற ஜெட்டுன்னா பாடிய மூடுறதுக்கு முன்னாடியே மூக்குல வெயிட் வைக்கணும், இல்லன்னா வால் தரையில உக்காந்துடும்.

இப்போ டீக்கல். ஒண்ணொண்ணா வெட்டி, ட்வீசர்ல பிடிச்சு வெதுவெதுப்பான தண்ணியில பத்து பதினஞ்சு செகண்ட் முக்கி எடுத்து டிஷ்யூ மேல வச்சிடுங்க, தண்ணியிலயே மிதக்க விட்டா பசை கரைஞ்சு போயிடும். ஒரு நிமிஷம் கழிச்சு விரலால லேசா தள்ளிப் பாருங்க, நகர்ந்தா ரெடி. ஒட்டுற இடத்துல மைக்ரோ செட் (டீக்கல் நல்லா ஒட்டுறதுக்கான திரவம்) ஒரு சொட்டு தடவி, பேப்பர பக்கத்துல வச்சு ஈர பிரஷ்ஷால டீக்கல வழுக்கி இறக்குங்க, இடம் சரியானதும் ஈரமான காட்டன் பட்ஸ நடுவுல இருந்து வெளிப்பக்கமா உருட்டுங்க. அப்புறம் மேல மைக்ரோ சால், இது டீக்கல மெதுவாக்கிப் படிய வைக்கிற திரவம். அது பட்ட கொஞ்ச நேரத்துல டீக்கல் சுருங்கி கசங்குன மாதிரி ஆகும், பார்க்கவே பயமா இருக்கும், ஆனா தயவுசெஞ்சு கை வைக்காதீங்க, அந்த நேரத்துல அது ஈரப் பேப்பர் மாதிரி, தொட்டா கிழிஞ்சிடும். விட்டுட்டா தானா படிஞ்சு பேனல் லைனுக்குள்ள, அதாவது விமானத் தகடுகள் சேர்ற இடத்தைக் காட்டுற மெல்லிசான பள்ளக் கோட்டுக்குள்ள, இறங்கிடும், எங்கயாவது குமிழ் நின்னா ஊசி முனையால குத்தி இன்னொரு தடவ சால் தடவுங்க.

1944 ஜூன்ல நார்மண்டி படையெடுப்புக்கு நேச நாட்டு விமானங்கள்ல அடிச்ச கருப்பு வெள்ளைப் பட்டைய மட்டும் டீக்கல் வேணாம், பெயின்ட்டே நல்லது. மூணு வெள்ளை, ரெண்டு கருப்பு, ஒத்தை இன்ஜின் விமானத்துல ஒவ்வொண்ணும் 18 இஞ்ச், அதாவது 1/72 அளவு மாடல்ல 6.35 மில்லிமீட்டர். முதல்ல வெள்ளை, டேப் ஒட்டி அப்புறம் கருப்பு. நிஜத்துல அவசர அவசரமா பிரஷ்ஷால அடிச்சதால பல விமானத்துல ஓரம் கோணலாதான் இருந்துச்சு, அதனால ரொம்ப கச்சிதமா வரலன்னா கவலைப்படாதீங்க.

எல்லாம் காஞ்சதும் மைக்ரோ சால் கறைய ஈரத்துணியால துடைச்சு, இன்னொரு கிளாஸ், பேனல் லைன் வாஷ் (அந்தக் கோடுகள் எடுப்பா தெரிய நீர்த்த கருமையான பெயின்ட்ட இறக்குறது), கடைசியா மேட் கோட். மேட் காஞ்சப்புறம் மாடல விளக்குக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, டீக்கலோட ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாது, பெயின்ட்ல வரைஞ்ச மாதிரியே இருக்கும்.