ஓப்பரேசனுக்குப் பிறகு நிறை இறங்காமல் நின்றுவிட்டதா? ஒரு கொப்பி எடுங்கள்

நிறையைக் குறைக்க இரைப்பையில் சத்திர சிகிச்சை செய்து ஐந்தாம் மாதம் என் நிறை 88 கிலோவில் வந்து குந்திவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. நிறை பார்க்கும் மெசினை அறைக்குள் வைத்துப் பார்த்தேன், விறாந்தையில் வைத்துப் பார்த்தேன், பற்றரியையும் மாற்றிப் பார்த்தேன். 88 தான். பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன பிள்ளை, வயித்தை வெட்டியும் நிறை இறங்கேல்லையே?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு பெரிய மடைத்தனம் செய்தேன், சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலையில் தேத்தண்ணீர், மத்தியானம் கஞ்சி, இரவில் இரண்டு பிஸ்கட். மூன்று கிழமையில் ஒன்றரைக் கிலோ இறங்கியது உண்மைதான், ஆனால் தலைமயிர் சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிப் பையோடு தலை சுற்றிக் கீழே இருந்துவிட்டேன்.

அந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்தவர்களுக்கும் இரைப்பை பைபாஸ் (இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பது) செய்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நீங்கள் இப்போது சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும், அதாவது ஓப்பரேசன் முடிந்து குறைந்தது இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இன்னும் நீராகாரத்திலோ மசித்த சாப்பாட்டிலோ இருக்கிறவர்கள் முதலாவது படியை மட்டும் வாசித்துவிட்டு, மிச்சத்துக்கு உங்கள் கிளினிக்கில் தந்த தாளின்படி நடவுங்கள். நான் டொக்டர் இல்லை, இந்தச் சின்ன இரைப்பையோடு மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான்.

1. உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள்

நிறைய பேருக்கு மூன்றாம் கிழமை அளவிலேயே ஒரு தடவை நிற்கும். பயப்பட வேண்டாம். உடம்பு ஈரலிலும் தசையிலும் ஒருவகை மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும், கிளைக்கோஜன் என்பார்கள். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் முதலில் கரைவது அதுதான், அதனால்தான் முதல் நாட்களில் நிறை கடகடவென்று இறங்குகிறது. பிறகு உடம்பு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்போது, உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் மெசின் அதைக் காட்டாது. அந்தக் கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆறு மாதத்தை அண்டி வருவது வேறு. 110 கிலோ உடம்பைச் சுமந்து நடக்கச் செலவான சக்தி 85 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. போதாததற்கு, பட்டினிக் காலம் வந்துவிட்டதாக எண்ணி உடம்பும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். முதல் மாதங்களில் நிறையை இறக்கிய அதே சாப்பாடு இப்போது வரவையும் செலவையும் சரிக்கட்டிவிடும். பொதுவாக 12 முதல் 18 மாதத்துக்குள் நிறை தன் அடிமட்டத்துக்கு வரும், அதுவரைக்கும் இப்படி இரண்டு மூன்று தடவை நின்று நின்றுதான் இறங்கும்.

சோதிக்கிற விதம்: கிழமைக்கு ஒரு நாள் மட்டும், காலையில் கழிவறைக்குப் போய் வந்த பிறகு, ஒன்றும் குடிக்க முன்னர், அதே மெசினில் ஏறுங்கள். தையற்கார நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும், கீழே இடுப்பெலும்பு அகன்ற இடத்தையும் அளந்து எழுதுங்கள். நிறை நின்று நாடா இறங்கினால் நீங்கள் மெலிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்கள், மலச்சிக்கல், முதல்நாள் இரவு சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு, எல்லாம் ஒன்றிரண்டு கிலோவைக் கூட்டிக் காட்டும். நான்கு கிழமை நிறையும் நாடாவும் இரண்டுமே அசையாவிட்டால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. ஏழு நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

40 பக்கக் கொப்பி ஒன்று போதும். வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் என்றால், குசினியில் உப்புப் பார்க்க அகப்பையில் எடுத்த சொதி, பிள்ளை தட்டில் மிச்சம் விட்ட புட்டு, வந்த ஆட்களோடு மரியாதைக்குக் கடித்த பாதி றோல்ஸ் எல்லாம். நேரத்தையும், அப்போது உண்மையில் பசித்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பொய் எழுதினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள், கொப்பிக்கு ஒன்றும் ஆகாது.

என் கொப்பியைப் பார்த்த போசாக்கு ஆலோசகர் ஒன்றுமே சொல்லாமல் சிவப்புப் பேனையால் நான்கு வட்டம் போட்டார். நான்கும் தேத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி 4 கிராம் என்றால் நாளுக்கு 32 கிராம், சீனியில் மட்டுமே ஏறத்தாழ 130 கலோரி, பால்மாக் கணக்கு தனி. நான் அதைச் சாப்பாடாகவே எண்ணியிருக்கவில்லை!

3. புரதத்தைக் கூட்டிப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள். ஓப்பரேசன் செய்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம். அது குறைந்தால் உடம்பு தசையைத் தின்னத் தொடங்கும், தசை குறைந்தால் சக்திச் செலவு இன்னும் குறையும். அதாவது பட்டினி கிடந்து நிறையை இறக்கப் போய், அடுத்த தடவை நிறை நிற்பதற்கு நாமே வழிசெய்து வைக்கிறோம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவு வேறு, டொக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கைக்கணக்கு இது: முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20 முதல் 25 வரை. தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சு இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 30. அவித்த பருப்போ கடலையோ 100 கிராமில் 9. பால் ஒரு பேணி, 200 மில்லிலீற்றர், 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இடியப்பம், புட்டு, பாண், சோறு இவற்றில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. விலை கொடுத்துப் புரதப் பவுடர் வாங்காவிட்டாலும் பாசையூரிலோ குருநகரிலோ காலையில் போய் நின்றால் பாரை, விளை, சூடை, கணவாய், இறால் எல்லாம் கிடைக்கும். பொரிக்காமல், தேங்காய்ப்பால் குறைத்துக் கறியாகவோ அவித்தோ எடுங்கள். என் ஒரு நாள் கணக்கு இப்படிப் போனது: காலையில் இரண்டு முட்டை, கொஞ்சம் கீரை, கடைசியாக ஒரு இடியப்பம். பத்து மணிக்குச் சீனி போடாத பால். மத்தியானம் 80 கிராம் மீன், மூன்று மேசைக்கரண்டி பருப்பு, மரக்கறி, இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. நான்கு மணிக்கு ஒரு பிடி அவித்த கடலை. இரவு 70 கிராம் அளவில் மீன் அல்லது கோழி. எல்லாம் கூட்டினால் 60 கிராம் தாண்டும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் கணக்கு உதைக்கும், முட்டையும் இல்லை மீனும் இல்லை. நான் சோயா மீற்றைப் பிடித்துக்கொண்டேன். உலர்ந்த சோயாவில் பாதியளவு புரதம்தான், 30 கிராம் ஊறவைத்தால் 15 கிராம் புரதம். அதோடு தயிர், பயறு, கடலை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கிற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். சலரோக மருந்து எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஒரு நேரச் சாப்பாட்டைக்கூடத் தவற விடக்கூடாது, சீனி சட்டென்று இறங்கிவிடும்.

4. சொதியைத் தள்ளி வையுங்கள்

இதைச் சொன்னதற்கு அம்மா என்னோடு ஒரு நாள் பேசவில்லை. காரணம் எளிது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள், பைபாஸில் சாப்பாடு போய் விழுகிற பை 30 மில்லிலீற்றர் அளவுதான். அதில் கட்டியான சாப்பாடு தங்கி நின்றால்தான் வயிறு நிறைந்த உணர்வு வரும். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துப் பிசைந்தால் அது கூழாகி வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும், பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு சாப்பிட இடம் வரும். ஆகவே முதலில் மீனோ முட்டையோ, பிறகு மரக்கறி, கடைசியில் மாச்சாப்பாடு. சின்னத் தட்டு, 20 முதல் 30 நிமிடம், நன்றாக மென்று. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம், முடித்து அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மற்ற நேரங்களில் மிடறு மிடறாக நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், நம்முடைய வெயிலுக்கு அதற்கும் மேல்.

ஒடியல் கூழ் குடிக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை. அதற்குள் கிடக்கிற மீன், நண்டு, இறால், பயற்றங்காயை அள்ளிச் சாப்பிடுங்கள், கூழை இரண்டு கரண்டியோடு விடுங்கள்.

5. ஓட்டையை அடைத்துவிடுங்கள்

கொப்பியைத் திரும்ப எடுத்து, பல்லுக்கு வேலை வைக்காமல் கரைந்து போகிறவற்றை அடிக்கோடிடுங்கள்: பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம், ரின்பால், சோடா, மோல்ற் பானங்கள். மிக்சரும் முறுக்கும் கேட்கச் சத்தமாக இருந்தாலும் இதே சாதிதான், வாய்க்குள் மாவாகிவிடும். கச்சான் நல்ல சாமான், ஆனால் கோது நீக்கிய 50 கிராமில் 280 கலோரிக்கு மேல் இருக்கிறது, கோயில் வீதியில் கதைத்துக்கொண்டே உடைத்தால் முடிவது தெரியாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஐஸ்கிரீம் கடை வாசலால்தான் நடக்க வேண்டும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு உடம்பே பாடம் எடுக்கும்: சீனி கூடினால் அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கிழமைக்கு ஒன்று போதும். நான் முதலில் தேத்தண்ணீர்ச் சீனியை அரைக்கரண்டியாக்கினேன், பிறகுதான் பிஸ்கட் பேணியை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன்.

6. குளிசைகள்

நிறையை இறக்க இவை உதவாது, ஆனால் நிறுத்தினால் ஆபத்து, ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். பல விற்றமின்கள் சேர்ந்த குளிசை, பி12, விற்றமின் டி, கல்சியம், தேவைப்படுகிறவர்களுக்கு இரும்புச்சத்து. அளவை உங்கள் டொக்டர் சொல்வார். பலரும் பிழைவிடுவது நேரத்தில்தான்: இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக எடுக்கக் கூடாது, இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கவும் கூடாது, தேயிலை அதை உறிஞ்ச விடாது. மயிர் கொட்டுவது மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கும் இயல்பாக வருவதுதான், எனக்குப் போல பட்டினியும் சேர்ந்தால் மோசமாகும்.

7. தசைக்கு வேலை கொடுங்கள்

நடை நல்லது, அதிகாலையில், வெயில் ஏற முன்னர். ஆனால் நடை மட்டும் போதாது. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவது என்று பத்துப் பத்துத் தடவையாகத் தொடங்குங்கள். வீட்டில் கிணறு இருந்தால் மோட்டரை நிறுத்திவிட்டு வாளியால் அள்ளிக் குளியுங்கள், நான் அதைத்தான் செய்கிறேன். பாரம் தூக்கலாம் என்று சத்திர சிகிச்சை டொக்டர் சொன்ன பிறகு மட்டும்.

இப்படி ஆறு கிழமை செய்தும் அசையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். தைரொயிட், இரத்தச்சோகை பார்க்க வேண்டியிருக்கும். இன்சுலின், ஸ்ரெரோயிட், சில மனநல மருந்துகளும் நிறையைப் பிடித்து வைக்கும், அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஓயாத சத்தி, கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, கால் விறைப்பு, நடை தடுமாற்றம், பார்வை மங்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறு கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சத்தி தொடர்ந்தால் பி1 விற்றமின் வேகமாகக் குறைந்து நரம்பைப் பாதிக்கும்.

போகும்போது கொப்பியையும், விழுங்குகிற எல்லாக் குளிசை மட்டைகளையும், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். என் முறை வந்தபோது டொக்டர் தாளைப் பார்க்க முதல் கொப்பியைத்தான் விரித்தார்.