பழைய போனை எடுத்து வைக்கும் முன்

புது போன் வந்ததும் பழையதை அப்படியே அலமாரியில் போட்டுவிடாதீர்கள். முதலில் பேட்டரியைச் சுமார் 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, போனை அணைத்துவிடுங்கள். லித்தியம் அயான் பேட்டரி முழுசாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், மின்னழுத்தம் ரொம்பவே இறங்கி, அப்புறம் சார்ஜே ஏறாமல் போகலாம். சரி, 100 சதவீதம் ஏற்றி வைக்கலாமா என்றால் அதுவும் வேண்டாம். கொள்ளளவு வேகமாகக் குறையும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும், ஈரமில்லாத இடமாகப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதி அளவு ஏற்றினால் போதும். லேப்டாப்புக்கும் இதே வழிதான். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே கூடாது, அழுத்தியும் பார்க்காதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.