சர்க்கரை சேர்க்காமல் தண்ணீர், தேநீர், காப்பிக்குச் சுவையேற்றுவது எப்படி?

சர்க்கரையை நிறுத்தியவர்களில் பலர் சில நாட்களிலேயே மீண்டும் அதற்குத் திரும்பிவிடுவதற்கு மன உறுதி இல்லாததே காரணம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சர்க்கரை ஒரு பானத்தை இனிப்பாக்குவதோடு, அதிலுள்ள கசப்பையும் துவர்ப்பையும் மறைக்கவும் செய்கிறது; அதை எடுத்துவிட்டால், அதுவரை அடங்கியிருந்த கசப்பு நாவில் நேரடியாகத் தெரிகிறது. ஆகவே பானத்தில் கசப்பு இறங்காமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை, மணத்தை ஏற்றுவது இரண்டாவது வேலை. இந்த வரிசை பிடிபட்ட பிறகுதான் சர்க்கரையில்லாத பானங்களை என்னால் விரும்பிக் குடிக்க முடிந்தது.

தேனும் வெல்லமும் பழச்சாறும் இந்தச் செய்முறையில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் தவிர்க்க வேண்டிய கணக்கிலேயே சேர்க்கிறது. நாம் பெறும் மொத்த ஆற்றலில் இந்தச் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டிதான். மணத்திற்காகப் பிழியும் சில துளி எலுமிச்சைச் சாற்றை இந்தக் கணக்கில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தேவையான கருவிகள்

மூடியுள்ள ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, கண் நெருக்கமான வடிகட்டி, தோல் சீவி ஆகிய மூன்றும் போதும். நடுவில் குழல் வைத்த சிறப்பு பாட்டில்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவற்றின் இடுக்குகளைக் கழுவுவது பெரும்பாடு. பிளாஸ்டிக் ஜாடி எலுமிச்சைத் தோலின் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால், நீரில் மணம் குறைவதோடு அடுத்த பானத்திலும் பழைய வாசனை வரும்.

படி 1: எலுமிச்சை நீர்

எலுமிச்சையை வட்டமாக நறுக்கி மிதக்கவிட்ட நீர், ஊற்றியவுடன் நன்றாக இருந்து, சில மணி நேரத்தில் கசக்கத் தொடங்கும். அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பழத்தின் மணம் தோலின் மேற்பரப்பிலுள்ள எண்ணெய்ப் பைகளிலும், புளிப்பு உள்ளிருக்கும் சாற்றிலும் இருக்கின்றன. இவற்றுக்கு இடையேயுள்ள வெள்ளைப் பகுதியும் விதைகளும்தான் கசப்பின் இருப்பிடம். அக்கசப்பைத் தருவனவற்றுள் முக்கியமானது லிமோனின். முழுப் பழத்தில் கசப்பில்லாத ஒரு முன்வடிவில் இருக்கும் இது, பழம் வெட்டுப்பட்டு அமிலத்தோடு கலந்த பிறகு மெல்ல மெல்ல உருவாகிறது. நறுக்கியவுடன் சுவைத்துப் பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

எனவே பழத்தை நறுக்குவதற்கு முன்பே, நன்றாகக் கழுவித் துடைத்து, தோல் சீவியை அழுத்தாமல் இழுத்து, இரண்டு விரல் நீளத்தில் மூன்று நான்கு மெல்லிய சீவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சீவலின் உட்புறம் வெள்ளையாக இருந்தால், பலகையில் வைத்துக் கத்தியால் வழித்துவிடுங்கள். ஒவ்வொரு சீவலையும் ஜாடியின் வாய்க்கு மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய் தெறித்து நீரில் விழும். பிறகு சீவலையும் உள்ளே போட்டு, குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்து வடிகட்டிவிடுங்கள். சாறு வேண்டுமென்றால், குடிக்கும் நேரத்தில் ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி பிழிந்துகொள்ளலாம். ஆரஞ்சுக்கும் இதே முறைதான்.

வெள்ளரியும் புதினாவும் இவ்வளவு பாடுபடுத்துவதில்லை. வெள்ளரியின் காம்புப் பக்க நுனியைக் கடித்துப் பார்த்து, கசக்காவிட்டால் மட்டும் சேருங்கள். புதினாவை இடிக்காமல், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒருமுறை தட்டிப் போடுங்கள். எந்தக் கலவையாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்காமல், ஒரு நாளைக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.

பின்சேர்க்கை: எலுமிச்சை நீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தனர். சீவல் மட்டும் ஊறிய நீரில் அமிலம் மிகக் குறைவு என்பதால் தடையில்லை. சாறு பிழிந்த நீரை உணவு வேளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்; வாயில் இந்த எண் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாற்றின் pH எண்ணோ 2 முதல் 2.5 வரைதான். குடித்தபின் வெறும் நீரால் வாயைக் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள்.

படி 2: தேநீரும் காப்பியும்

தேநீர் திடமாக வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டாமல் தூளைக் கூட்டுங்கள். பச்சைத் தேயிலைக்கு ஏறத்தாழ 80 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம், கறுப்புத் தேயிலைக்குக் கொதித்த நீரில் மூன்று நிமிடம் போதும். அதற்குமேல் ஊறினால் துவர்ப்பு மேலோங்கிவிடும். இதைவிடவும் எளிதாக, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 8 முதல் 10 கிராம் தேயிலையைப் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டலாம். குளிர்ந்த நீர் துவர்ப்பைக் குறைவாகவே இழுப்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். காப்பி கசந்தால், உப்புக் கரிப்பு தெரியாத அளவுக்கு ஒரு சிட்டிகையிலும் குறைவான உப்பைக் கலந்து பாருங்கள்; உப்பிலுள்ள சோடியம் கசப்புணர்வைத் தணிக்கும்.

படி 3: இனிப்பை நினைவூட்டும் மணங்கள்

பட்டை, ஏலக்காய், வனிலா ஆகியவற்றை நாம் பெரும்பாலும் இனிப்புப் பண்டங்களிலேயே உண்டு பழகியிருப்பதால், அவற்றின் மணம் மட்டுமே இனிப்புணர்வைத் தூண்டுகிறது. பட்டையைத் துண்டாக நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்; தூள் கரையாமல் கொழகொழவென்று அடியில் தங்கும். தினமும் குடிப்பவர்கள் இலங்கைப் பட்டையை வாங்குவது நல்லது, ஏனெனில் காசியா என்னும் தடித்த பட்டையில் கூமரின் என்னும் வேதிப்பொருள் அதிகம். அது அளவுக்கு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். ஏலக்காயின் மணம் விரைவில் ஆவியாகிவிடும் என்பதால், அடுப்பை அணைத்த பின் நசுக்கிப் போட்டு மூடிவையுங்கள்.

பின்சேர்க்கை: இஞ்சி சேர்த்ததும் பால் திரிந்துவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தனர். பச்சை இஞ்சியில் பால் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. இஞ்சியை முதலில் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதன் பிறகு பாலைச் சேருங்கள்.

சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டியோ ஸ்டீவியாவோ சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. நாவும் அதே இனிப்பளவிலேயே நின்றுவிடும் என்பதால் நான் அவற்றைத் தவிர்க்கிறேன். இரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்குப் பழகியவர் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து, குறைக்கும் அதே வாரத்தில் பட்டையையோ ஏலக்காயையோ சேர்க்கத் தொடங்கலாம். கண்ணளவு ஏமாற்றும் என்பதால், சர்க்கரையை முழுவதும் நிறுத்தும்வரை அளவுக்கரண்டியையே பயன்படுத்துங்கள்.