கிராம சபையில் உங்கள் முதல் தீர்மானம்: இளைஞர்களுக்கான செய்முறை விளக்கம்

ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நாற்காலி போடுவதும் மைக் கட்டுவதும் தேநீர் கொடுப்பதும் இளைஞர்கள்தான். முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும் அவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள். பல ஊர்களில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுப்பதில்லை. ஏனென்றால் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும் அங்கே ஒரே தகுதிதான். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி ஒன்றில் வசித்து, முதன்முறையாகக் கிராம சபைக்குப் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கோரிக்கையைத் தீர்மானமாக்கி அதன் நகலைக் கையில் வாங்குவது வரை சொல்கிறேன்.

1. பட்டியலில் பெயர்

முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6 கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருந்தால்தான் சேர்ப்பார்கள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களையும் தகுதி நாட்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

2. தேதி

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. இடமும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போய்ப் பாருங்கள். தேதி மாறுவதும் உண்டு. 2024இல் நவம்பர் 1 கூட்டம் தீபாவளியை ஒட்டி நவம்பர் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

அந்த நவம்பர் 23 எனக்கு மறக்காத நாள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி பரவியிருந்த நேரம். மேலூர் வட்டார ஊராட்சிகள் அன்றைய கிராம சபையில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. மக்கள் பேரணியாகத் திரண்டார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்காக விட்டிருந்த ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரின் எதிர்ப்பு வெறும் கோஷமாகக் கரைந்துபோகாமல், கையெழுத்துகளோடு அரசுப் பதிவேட்டில் ஏறியது அங்கேதான்.

3. ஒரே ஒரு பிரச்சினை

ஊரில் நூறு குறைகள் இருக்கலாம். முதல் கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், அதுவும் ஊராட்சியின் கைக்குள் இருப்பதாகப் பாருங்கள்: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வடிகால், குப்பை, விளையாட்டுத் திடல். பஸ் நேரம் மாற்றுவது, பள்ளிக்கு ஆசிரியர் போடுவது போன்றவற்றுக்கு ஊராட்சி பிற துறைகளைக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு மேல் நண்பர்கள் நாலு பேர் பஸ் நிறுத்தத்திலிருந்து கடைசித் தெரு வரை நடந்து பாருங்கள். எத்தனை கம்பம், எதில் விளக்கு எரிகிறது, எதில் இல்லை என்று கம்ப எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நேரத்தில் வேலையிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் திரும்பும் பெண்களிடம் பேசுங்கள். எந்த இடத்தில் நடையை வேகமாக்குகிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள். ‘எங்கள் தெருவில் ஒரே இருட்டு’ என்று சொன்னால் ‘பார்க்கிறோம் தம்பி’ என்ற பதில்தான் வரும். கம்ப எண்களைப் படித்தால் ஊராட்சிச் செயலர் பேனாவைத் திறந்தாக வேண்டும்.

4. தீர்மானத்தை நீங்களே எழுதுங்கள்

மனு எழுதாதீர்கள். ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து’ என்று தொடங்கும் மனு ஒருவர் இன்னொருவரிடம் கேட்பது. கிராம சபையில் முடிவெடுப்பவர்களில் நீங்களும் ஒருவர். அதனால் முடிவின் வாசகமாகவே எழுதிக்கொண்டு போங்கள். மாதிரி ஒன்று:

‘பஸ் நிறுத்தம் முதல் கிழக்குத் தெரு முடிய உள்ள 14 மின்கம்பங்களில் 9 கம்பங்களில் (எண்கள் இணைப்பில்) விளக்கு எரியவில்லை. மாலை நேரத்தில் மாணவியரும் வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களும் பாதிக்கப்படுகின்றனர். மேற்படி விளக்குகளை 30 நாட்களுக்குள் சரிசெய்ய இக்கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’

என்ன குறை, யாருக்குப் பாதிப்பு, எதற்குள் முடிக்க வேண்டும். அரைப் பக்கம் போதும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

5. ஆட்களைத் திரட்டுங்கள்

தனியாகப் போகாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் முதலில் பேசுங்கள். பல ஊர்களில் கிராம சபைக்குத் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தான். ‘எங்கள் தீர்மானம் வரும்போது கை தூக்குங்கள் அக்கா’ என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லும் அந்த இரண்டு மாலைப்பொழுதுகளில் ஊரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது வேறு எங்கும் கிடைக்காது. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகையும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கும் மேல் 300 பேரும் வர வேண்டும். நீங்கள் அழைத்து வரும் இருபது பேர் அந்தக் கணக்கிலும் சேர்கிறார்கள்.

பதினெட்டு நிரம்பாத தம்பி தங்கைகள் உறுப்பினர்கள் அல்ல. ஆனால் பள்ளிக் கழிப்பறை பற்றியும் விளையாடும் இடம் பற்றியும் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கர்நாடகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிக் கிராம சபை நடத்துகிறார்கள். இங்கே அப்படி வரும் வரை, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி உங்கள் குரலில் கொண்டு போங்கள்.

6. கூட்ட நாள்

இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். நான் முதன்முறை பேசிய கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது. தலைவர் ‘கட்டாயம் செய்கிறோம்’ என்றார். மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தபோது நான் பேசியதற்கு ஒரு வரிகூட இல்லை. கூட்டம் தொடங்கியதுமே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு எழுதியிருக்கிறார்கள். வெற்றாக இருந்தபோதே நீட்டப்பட்ட அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

ஆகவே வருகைப் பதிவேடும் தீர்மானப் பதிவேடும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். வருகைக்கு உடனே கையெழுத்திடலாம். தீர்மானப் பதிவேட்டில் வாசகம் எழுதிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுத் தாளை நீட்டினால், ‘எழுதி வாசித்த பிறகு போடுகிறோம் ஐயா’ என்று பணிவாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாக்களிடமும் சொல்லி வையுங்கள்.

அலுவலகத் தரப்புப் பொருள்களை வரிசையாக வாசிப்பார்கள். அப்போது வரவு செலவுக் கணக்கின் சுருக்கமான படிவம் 30 பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது என்று அதில் தேடிப் பிடித்துவிட்டால் உங்கள் பேச்சுக்குப் பாதி பலம் வந்துவிடும்.

உங்கள் முறை வரும்போது எழுந்து பெயரையும் தெருவையும் சொல்லி, தீர்மானத்தை நிறுத்தி வாசியுங்கள். இரண்டு நிமிடம் போதும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், தாளைப் பார்த்து வாசித்தால் போதும். பழைய கதையை யாராவது இழுத்தால் பதில் சொல்லாமல், ‘இந்தத் தீர்மானத்தை ஏற்கிறோமா என்று சபையைக் கேளுங்கள்’ என்று தலைவரிடம், அல்லது தலைவர் இல்லாத ஊர்களில் அவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரிடம் சொல்லுங்கள். கைகள் உயர்ந்த பிறகு உட்கார்ந்துவிடாதீர்கள். மேசை அருகே போய், தீர்மான எண்ணோடு வாசகம் எழுதப்படும் வரை நில்லுங்கள். உரக்க வாசிக்கக் கேட்டு, கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தை கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைப் பார்வையிட வந்திருக்கும் பற்றாளரிடமும் தீர்மான எண்ணைச் சொல்லுங்கள்.

7. நகலும் தொடர்வதும்

ஒரு வாரம் கழித்துத் தீர்மான நகல் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வேலை நடக்கவில்லையென்றால் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வெறும் மனுவோடு போவதற்கும் கிராம சபைத் தீர்மானத்தோடு போவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

அடுத்த கிராம சபைக்கும் அதே நண்பர்களோடு போங்கள். முந்தைய மாலை அதே தெருவில் மறுபடி நடந்து, எத்தனை கம்பங்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணி அதே நோட்டில் பழைய கணக்குக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து சென்ற முறை போட்ட தீர்மான எண்ணைச் சொல்லி, இரண்டு கணக்கையும் வாசித்துவிட்டு, மிச்சம் எப்போது முடியும் என்று கேளுங்கள். அதற்கான பதிலும் பதிவேட்டில் ஏற வேண்டும்.