ரிசீவர்கள் சுமாரா? டைட் எண்டைப் பயன்படுத்துங்கள்

அமெரிக்கக் கால்பந்தில் உங்கள் அணியின் வைட் ரிசீவர்கள் (ஓரத்தில் நின்று பாஸ் பிடிப்பவர்கள்) சுமார்தானா? நீளமான பாஸை நம்பாமல், முதலில் ஓட்டத்தை, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தைப் பலப்படுத்துங்கள். 2019-இல் பால்டிமோர் ரேவன்ஸ் 3,296 யார்டு ஓடி என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) சாதனை படைத்தது. அந்த அணியில் அதிக கேட்ச் பிடித்தவரும் வைட் ரிசீவர் இல்லை, டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) மார்க் ஆண்ட்ரூஸ்.

சூட்சுமம், ஓடுவதுபோல் ஏமாற்றிப் பாஸ் வீசும் பிளே ஆக்‌ஷனில் இருக்கிறது. பாஸ் வீசும் குவார்ட்டர்பேக் பந்தை, அதை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டி, கடைசி நொடியில் உருவிக்கொள்ள வேண்டும். ஓட்டம்தான் என்று நம்பி, எதிரணியின் நடுத் தடுப்பாளர்களான லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னால் வருவார்கள். அவர்களின் முதுகுக்குப் பின்னால் திறக்கும் இடத்துக்கு டைட் எண்ட் போய்விட்டால் போதும், பெரிய வேகம் தேவையில்லை. அப்புறம், இரண்டு டைட் எண்டுகளைச் சேர்த்தே இறக்குங்கள். ஓட்டமா பாஸா என்று எதிரணிக்குச் சட்டென்று பிடிபடாது.